ஜன்னல் ஓரம் கெட்ட வாரம்

ஒரு பக்கம் முழுசாக எழுதிக் கொடுத்தால்தான் டிசி என்று சந்தனமாரி மிஸ் உள்ளே வந்ததுமே சொல்லிவிட்டார்கள். முகத்தை எங்கள் பக்கம் வைத்துச் சொன்னதால் எனக்கு முழுசாகக் கிடைத்தது. "பாதில நிறுத்துனா டிசியும் பாதி கிழிச்சுத்தான் தருவேன்" என்றதும் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சரியான நேரத்தில். தலைப்பு பலகையில் இருக்கிறது. ஆன்லைன் வகுப்பா, நேரடி வகுப்பா, மாணவியர் கருத்து. ஆண்டு மலரில் போடுவார்களாம். பத்தாம் வகுப்பைப் போனிலும் பிளஸ் டூவைப் பள்ளியிலும் முடித்தவர்கள் நாங்கள், ரெண்டும் தெரிந்தவர்கள், சொன்னால் எடுபடுமாம். என் தாளில் 'நேரடி' என்று எழுதி அடித்திருக்கிறேன், பிறகு 'ஆன்லைன்' என்று எழுதி அதையும் அடித்திருக்கிறேன், அடித்த இடம் ரெண்டும் கம்பளிப்பூச்சி மாதிரி கிடக்கிறது. மணி பதினொன்றுக்குப் பத்து நிமிடம். மூன்று மணிக்குள் டிசியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் சாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி வேதியியல் எனக்கு, கொடுக்காவிட்டால் பட்டியலில் எனக்கு அடுத்து நிற்கிற பிள்ளைக்கு. கொடுக்கப் போகிறேனா என்று எனக்கே தெரியாது, இதுதான் உண்மை. பையில் ரெண்டு தாள் இருக்கிறது. ஒன்று கல்லூரியிலிருந்து வந்தது. இன்னொன்று அம்மா வாங்கிக்கொண்டு வந்த தொலைதூரக் கல்வி விண்ணப்பம், பி.காம், வீட்டில் உட்கார்ந்து போனிலேயே பாடம், யார் முகத்திலும் முழிக்க வேண்டாம். வேதியியல் போனில் கிடையாது. ஆனால் போனில் பயமும் கிடையாது. இதை எழுதினால் ஆண்டு மலரில் போடுவார்களா.

முன்பெஞ்சில் பர்வீன் தன் கட்டுரையை நாலு பேருக்குச் சொல்லி எழுத வைக்கிறாள், வாயை அகலத் திறந்து பேசுகிறவள், பக்கவாட்டில் பார்த்தாலே படிக்கலாம், "ஆசிரியரை நேரில் பார்த்துக் கற்பதே சிறந்தது, முற்றுப்புள்ளி, ஏ, முற்றுப்புள்ளின்னு எழுதாத லூசு, புள்ளி வை." அந்த வாயை மட்டும் ரெண்டு வருசமும் எனக்குப் பிடிக்கும். ஆசிரியரை நேரில் பார்த்துக் கற்பது. நேரில் எங்கே பார்த்தேன். நேரில் பார்த்ததெல்லாம் மிஸ்ஸின் பின்னல், ஜாக்கெட்டில் சாக்பீஸ் தூள், பலகையில் எழுதிக்கொண்டே பேசுகிற முதுகு. முதுகு பேசினால் எனக்குக் கேட்காது. எனக்கு வலது காது ஒன்றுமே இல்லை, இடது காது பாதி. அஞ்சாம் வகுப்பில் பொன்னுக்கு வீங்கி வந்து ரெண்டு கன்னமும் பூசணி மாதிரி ஆகி, வீக்கம் வடிந்தபோது சத்தமும் சேர்ந்து வடிந்துவிட்டது. முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை, குக்கர். அம்மா வாசலில் பூக்காரியிடம் பேசிக்கொண்டு நிற்கிறாள், நான் அடுக்களையில் உட்கார்ந்து படம் வரைகிறேன், குக்கர் அத்தனை விசில் அடித்துத் தண்ணீர் வற்றி அடி தீய்ந்து புகை வந்த பிறகுதான் நிமிர்ந்தேன். அம்மா ஓடி வந்து என் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குக்கரைப் பார்த்தாள். பிறகு என் பின்னால் போய் நின்று வடிவு வடிவு என்று கூப்பிட்டிருக்கிறாள், எத்தனை தடவை என்று இதுவரை சொன்னதில்லை. அன்றைக்கு ராத்திரி கரிந்த பருப்பையே தின்றோம்.

பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர் இடது காதுக்கு மிஷின் வைக்கலாம் என்றார். அம்மா தலையாட்டினாள், வெளியே வந்து பஸ்ஸில் என் இடது பக்கம் உட்கார்ந்து, "பெறகு பாப்போம், வடிவு. பொம்பளப் பிள்ள காதுல மிஷின மாட்டிட்டுத் திரிஞ்சா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. நீ யார்ட்டயும் சொல்லாத, நான் இருக்கேன்ல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, என் தலையில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துக்கொண்டே சொன்னாள். அந்தப் பெறகு இன்னும் வரவில்லை. அன்றிலிருந்து அம்மா என்னிடம் எதையும் தோளைத் தொடாமல் சொன்னதே கிடையாது. கடலை மிட்டாய் கம்பெனியில் பாக்கெட் ஒட்டிவிட்டு வருகிற கை, பாகு பிசுபிசுக்கும், தொட்டால் சட்டை ஒட்டும், ஒட்டின பிறகுதான் பேச்சு வரும். அவள் சொல்லாதே என்றது என்னை மறைக்க இல்லை, யாரும் ஒரு சொல்லால்கூட என்னைத் தொட்டுவிடக் கூடாது என்று. தெரியும். தெரிந்தாலும் எரிச்சலாக இருக்கிறது. செவிடு என்ற வார்த்தையை நானே குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு எனக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், ஒன்றும் ஆகாது, வெறும் மூணு எழுத்து. ஆனால் வேறு ஒரு வரி இருக்கிறது, அதைத்தான் வாயில் கொண்டுவர முடியவில்லை. மிஸ், திரும்பிச் சொல்லுங்க, எனக்குக் காது கேக்காது. அவ்வளவுதான். மனசுக்குள் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். கல்லூரியில் மிஸ் இல்லை, மேடமோ சாரோ, அறுபது பேர், தெரியாத அறுபது பேர். அந்த வரியைச் சொல்ல முடிந்தால் கல்லூரி. முடியாவிட்டால் போன். நேற்று ராத்திரி அம்மா ரெண்டு தாளையும் சாமிப்படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, "உன் இஷ்டம்" என்றாள். போன் தாளை மேலே வைத்திருந்தாள்.

பர்வீன் இரண்டாவது பத்திக்கு வந்துவிட்டாள். நான் இன்னும் ரெண்டு கம்பளிப்பூச்சியோடு இருக்கிறேன். என் இடது பக்கம், ஜன்னலை ஒட்டி, பிரிசி எழுதிக்கொண்டிருக்கிறாள். முழுப்பெயர் பிரிஸ்கில்லா, என் பெஞ்சுக்காரி, பிளஸ் ஒன்னிலிருந்து. முக்கால் பக்கம் தாண்டிவிட்டாள், கையால் மறைத்துக்கொண்டு எழுதுகிறாள், பரீட்சையா இது. இன்றைக்கு யார் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், ஆனால் என் பஸ் தாமதம், சுவர் ஓரம் எல்லாம் போய்விட்டது, பிரிசி இந்த பெஞ்சில் இடம் பிடித்து வைத்திருந்தாள், என்னைப் பார்த்ததும் மன்னிப்புக் கேட்கிற மாதிரி மூக்கைச் சுருக்கினாள். கடைசி நாளும் ஜன்னல் ஓரம். எங்கள் பள்ளியில் திங்கட்கிழமை தோறும் வரிசை மாறும். ஜன்னல் வரிசை நடுவுக்கு, நடு வரிசை சுவருக்கு, சுவர் வரிசை ஜன்னலுக்கு. ஒருத்தருக்கே எப்போதும் நல்ல இடம் கிடைத்துவிடக் கூடாது, எல்லாரும் சமம். வரிசைக்குள் உயரப்படி. நான் நெட்டச்சி, அதனால் எந்த வரிசை ஆனாலும் கடைசி பெஞ்ச். சுவர் ஓரம் இருந்தால் மிஸ் நிற்கிற இடம் என் இடது பக்கம் விழும், அது நல்ல வாரம். ஜன்னல் ஓரம் என்றால் மிஸ் செத்த காதுப் பக்கம், நல்ல காதுக்குள் மொத்த பஸ் ஸ்டாண்டும், சிவகாசி சிவகாசி, விளாத்திகுளம் விளாத்திகுளம். அது கெட்ட வாரம். மற்ற பிள்ளைகள் காற்று வருகிறது, பையன்கள் போகிறார்கள் என்று ஜன்னலுக்குச் சண்டை போடுவார்கள், நான் நாள்காட்டியில் கெட்ட வாரங்களுக்குப் பென்சிலால் புள்ளி வைப்பேன். யூனிட் டெஸ்டுக்கான பாடம் நல்ல வாரத்தில் நடந்தால் எண்பது, கெட்ட வாரத்தில் நடந்தால் அம்பத்தி ரெண்டு. "என்ன வடிவு, ஒரு வாரம் புத்திசாலி, ஒரு வாரம் மண்டு, எந்த வடிவு நெச வடிவு?" என்று மிஸ் கேட்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நான் அரை நொடி கழித்துச் சிரித்தேன். என் வாழ்க்கையே அந்த அரை நொடிதான். மற்றவர்கள் சிரித்தால் சிரிப்பேன், எழுந்தால் எழுவேன், புத்தகத்தைப் புரட்டினால் எந்தப் பக்கம் என்று எட்டிப் பார்த்துப் புரட்டுவேன்.

போனில் வரிசை இல்லை. இதை எழுதலாம். போனில் நெட்டச்சி குட்டச்சி கிடையாது, சுவர் ஜன்னல் கிடையாது. முதல் நாள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அம்மாவின் போன், ஓரத்தில் கீறல், அதில் மிஸ்ஸின் முகம். முகத்தை அழுத்திப் பிடித்தால் திரை முழுக்க விரியும். அஞ்சாம் வகுப்புக்குப் பிறகு ஒரு ஆசிரியர் வாயை நான் அத்தனை பக்கத்தில் பார்த்தது அன்றைக்குத்தான். மேல் உதட்டில் சின்னதாக ஒரு மச்சம், ப, ம வரும்போது அது மறையும். காதில் வயரை மாட்டிச் சத்தத்தைக் கடைசிக்கு வைத்தால் இடது காதுக்குள் மிஸ் உட்கார்ந்துகொண்டு பேசுவார்கள். நான் அழுதுவிட்டேன். ஒரு வார்த்தை விடாமல் ஒரு மணி நேரம், அமிலம், காரம், எல்லாம், இடையில் மிஸ் அவர்கள் வீட்டுப் பூனையைத் திட்டியது வரைக்கும். மிஸ் தங்கள் அடுக்களையில் போனை ஒரு முறுக்கு டப்பாவில் சாய்த்து வைத்திருப்பார்கள், கரும்பலகைக்குப் பதில் அலமாரிக் கதவு. ஒருநாள் தாளில் மஞ்சளைக் குழைத்துத் தடவிக் காய வைத்து, அதில் துணி சோப்புத் தண்ணீரைத் தொட்டு வைத்தார்கள், மஞ்சள் குபீரென்று செக்கச் சிவந்தது. நான் அடுக்களைக்கு ஓடி அதையே செய்தேன், எங்கள் வீட்டு மஞ்சளும் சிவந்தது. வேதியியல் எனக்குப் பிடித்தது அந்த நிமிடம்தான். ஒரு சத்தமும் இல்லாமல் ஒரு பொருள் பேசிவிட்டது. சந்தேகம் வந்தால் வாயைத் திறக்க வேண்டாம், எழுதிப் போடலாம். அந்த வருசம் நான் கேட்ட கேள்வி மாதிரி யாரும் கேட்கவில்லை. அந்த டப்பாவில் ஒரு கோளாறு, போன் மெல்ல மெல்லச் சரியும். இருபது நிமிடத்தில் நெற்றி, அப்புறம் தலைமுடி, அப்புறம் புகைபோக்கி. மற்ற பிள்ளைகளுக்கு அது ஒன்றும் இல்லை, பாதிப் பேர் போனைப் போட்டுவிட்டுத் தூங்குவார்கள். எனக்கு வாய் போனால் எல்லாம் போச்சு. 'மிஸ் போன் சரியுது' என்று எழுதுவேன். மிஸ் தூக்கி வைப்பார்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி, 'மிஸ் போன் சரியுது'. பர்வீன் எனக்கு 'மிஸ்ஸோட போன் வாட்ச்மேன்' என்று பேர் வைத்தாள். வைத்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் முழுசாக எழுதினால் இதையும் எழுத வேண்டும். பிசிக்ஸ் சார் கேமராவைக் கூரைக்குக் காட்டி வைத்திருப்பார், எட்டு மாதம் நான் படித்தது ஒரு மின்விசிறியையும் ஒரு பல்லியையும்தான், பல்லிக்குக் குட்டி வந்ததுகூடத் தெரியும், ஓம் விதி தெரியாது. சிக்னல் போனால் மிஸ்ஸின் வாய் ஒரு வார்த்தையின் நடுவில் அப்படியே நின்றுவிடும், அடுத்து என்ன எழுத்து என்று நான் அந்தத் திறந்த வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன், எனக்கும் சேர்த்து மூச்சு நின்ற மாதிரி இருக்கும். மணி ஒன்றானால் அம்மா ஷிப்டுக்குப் போனோடு போய்விடுவாள். அப்புறம் வீட்டில் நானும் சுவரும். அந்த வருசம் முழுக்க என் தோளை அம்மாவைத் தவிர ஒருத்தரும் தொடவில்லை. மிஸ் வைத்த டெஸ்டில் தொண்ணூற்று நாலு வாங்கினேன், யாரிடம் காட்ட. போனில் ஒரு ஜோக் சொன்னால் எல்லாரும் சிரிக்கிற படத்தை அனுப்புவார்கள், மஞ்சள் உருண்டை, பல்லைக் காட்டிக்கொண்டு, அதில் யார் நெசமாகச் சிரித்தது யார் சும்மா அனுப்பியது. அரை நொடி தாமதம் இல்லைதான். சிரிப்பும் இல்லை.

பிறகு பள்ளி திறந்தது, எல்லாரும் துள்ளிக் குதித்தார்கள், நான் வாசலில் நின்று செத்தேன் என்று நினைத்தேன். மாஸ்க். நாற்பது வாயும் மூடியிருக்கிறது. மிஸ்ஸும், எங்களோடவே பதவி உயர்வு வாங்கிப் பிளஸ் ஒன்னுக்கு ஏறி வந்தவர்கள், மூக்கு வரைக்கும் நீலத் துணி. மச்சம் இல்லை. மிஸ் இருக்கிறார்கள், பாடம் நடக்கிறது, கண் மட்டும் உருளுகிறது. முதல் வாரமே ஜன்னல் ஓரம். எதையோ கேட்டு என்னை எழுப்பினார்கள், நின்றேன், வகுப்பே திரும்பிப் பார்க்கிறது, நாற்பது நீலத் துணிக்கு மேலே எண்பது கண். "என்ன வடிவு, போன்ல மட்டுந்தான் வாயா?" என்று மிஸ் என் பெஞ்ச் வரைக்கும் வந்து கேட்டபோதுதான் காதில் விழுந்தது. உட்கார்ந்தேன். அந்த வரி தொண்டை வரைக்கும் வந்தது, மிஸ், திரும்பிச் சொல்லுங்க, அம்மாவின் கை தோளில் ஒட்டின மாதிரி இருந்தது, விழுங்கிவிட்டேன். அன்றைக்குத்தான் பிரிசியின் முழங்கை இடித்தது. புதுசாக வந்த பிள்ளை, கழுகுமலைக்காரி, எனக்குப் பேர்கூடச் சரியாகத் தெரியாது. இடித்துவிட்டுத் தன் நோட்டின் ஓரத்தில், சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம், பென்சிலால் எழுதினாள். 'பக்கம் 31. நாலாவது கேள்வி. நாளைக்கு டெஸ்ட்.' எழுதிவிட்டு என்னைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்த்தாள். அவ்வளவுதான். அதிலிருந்து ரெண்டு வருசம். மிஸ் திரும்பினால் முழங்கை இடிக்கும், பென்சில் ஓடும், நான் ஓரத்தைப் படிப்பேன். ஒரு நாளும் ஏன் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மிஸ் ஜோக் சொன்னால் அதையும் எழுதுவாள். எழுதி நான் படித்து நான் சிரிக்கும் வரைக்கும் அவள் சிரிக்காமல் வைத்திருப்பாள், பிறகு ரெண்டு பேரும் சேர்ந்து சிரிப்போம், வகுப்பே சிரித்து முடித்து அமைதியான பிறகு. "கடைசி பெஞ்ச், என்ன லேட் பஸ்ஸா?" என்பார்கள் மிஸ். நான் இதுவரை அவளுக்கு ஒரு தேங்க்ஸ் சொன்னது கிடையாது. சொன்னால் ஏன் என்று ஆகும், ஏன் என்று ஆனால் அந்த வரியைச் சொல்ல வேண்டும். ஆக, போனில் மிஸ் இருந்தார்கள், பிரிசி இல்லை. வகுப்பில் பிரிசி இருந்தாள், மிஸ் இல்லை. கல்லூரியில் ரெண்டு பேருமே இல்லை. பிரிசி நர்சிங் படிக்க மார்த்தாண்டம் போகிறாள். இதை எப்படி ஒரு பக்கத்தில் எழுத.

வாசலில் ஆபீஸ் அக்கா வந்து நின்று ஏதோ சொல்கிறார்கள், பிரிசி எழுந்துவிட்டாள். "அப்பா பேர்ல இனிஷியல் விட்டுப்போச்சாம்ட்டி. இந்தா வாரேன்" என்று என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு என் முட்டியைத் தாண்டிப் போகிறாள். இவள் ஒருத்தி எப்போதும் முகத்துக்கு நேராகத்தான் சொல்வாள். ஜன்னல் பக்கம் காலியாக இருக்கிறது, காற்று நேராக வருகிறது, அவள் தாள் பறக்கப் பார்க்கிறது. நான் என் ஸ்கேலை எடுத்து அதன் மேல் வைத்தேன். வைக்கும்போது கண்ணில் பட்டது, படிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. சரி, நினைத்தேன். ரெண்டு வருசமாக அவள் கையெழுத்தைப் படித்துத்தான் உயிர் வாழ்ந்திருக்கிறேன், பார்த்தால் படிக்காமல் இருக்க முடியாது. 'நான் சுமாராகப் படிக்கிறவள். ஆன்லைன் வகுப்பில் போனைப் போட்டுவிட்டுத் தம்பியோடு கேரம் ஆடுவேன். நேரடி வகுப்பில்தான் நன்றாகக் கவனித்தேன். அதற்குக் காரணம் ஆசிரியர் அல்ல. என் பெஞ்சில் இருக்கும் பிள்ளைக்கு எழுதிக் காட்டுவதற்காக ஒவ்வொரு வார்த்தையையும் உற்றுக் கேட்பேன். தப்பாக எழுதினால் அவளும் தப்பாகப் படிப்பாள் என்று பயமாக இருக்கும். அப்படியே எனக்கும் பாடம் ஏறிவிட்டது. பிளஸ் டூவில் நானூற்று எண்பத்தொன்று வாங்கினேன், எங்கள் வீட்டில் யாரும் நம்பவில்லை. நர்சிங் கிடைத்ததும் அதனால்தான். ஆகையால் என் கருத்து என்னவென்றால், வகுப்பில் பக்கத்தில் ஒருத்தி இருக்க வேண்டும்.' அதற்குக் கீழே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறாள், அழுத்தமாக அடித்திருக்கிறாள், என்ன என்று தெரியவில்லை. என் பெயர் எங்கேயும் இல்லை. ஏன் என்றும் எங்கேயும் இல்லை. நான் ஸ்கேலைச் சரியாக நேராக்கி வைத்தேன். மறுபடி நேராக்கினேன். கண்ணில் தூசி, ஜன்னல் ஓரம் என்றால் தூசி வரத்தான் செய்யும். நான் அவளுக்குப் பாரம் என்று நினைத்திருந்தேன். ரெண்டு வருசமும், முழங்கை இடிக்கும்போதெல்லாம், இவள் எப்போது சலித்துக்கொள்வாள் என்று பயந்துகொண்டே படித்தேன். இந்தப் பிள்ளை என்னால் நானூற்று எண்பத்தொன்று வாங்கியிருக்கிறாள்.

நிமிர்ந்தால் மிஸ் பலகைப் பக்கம் திரும்பி நிற்கிறார்கள். எழுதவில்லை, பழைய கணக்கை அழித்துக்கொண்டே பேசுகிறார்கள், பின்னல் அசைகிறது, டஸ்டர் போகிறது வருகிறது. பஸ் ஸ்டாண்டில் விளாத்திகுளம் விளாத்திகுளம். என் கண் தானாக இடது பக்கம் போனது, நோட்டின் ஓரத்துக்கு. நோட்டு மூடியிருக்கிறது, பென்சில் அதன் மேல் கிடக்கிறது. முன்பெஞ்சில் ரெண்டு பேர் எழுந்தார்கள். நடுவில் ஒருத்தி. சுவர் ஓரம் ஒருத்தி பையை எடுக்கிறாள். மற்றவர்கள் உட்கார்ந்தே இருக்கிறார்கள். இது எனக்குத் தெரியாத கணக்கு. எல்லாரும் எழுந்தால் எழுவேன், எல்லாரும் உட்கார்ந்தால் உட்காருவேன், பாதிப் பேர் எழுந்தால் நான் எந்தப் பாதி. எழுதி முடித்தவர்களா, பணம் கட்டாதவர்களா, போட்டோ கொண்டுவராதவர்களா. பர்வீன் பாதிதான் எழுதியிருக்கிறாள், அவளும் எழுகிறாள். மணி பதினொன்றே கால். எழுந்து அவர்கள் பின்னால் போய் நின்றால் என்ன, தப்பென்றால் உட்கார்ந்துகொள்ளலாம், இல்லை உட்கார்ந்தே இருக்கலாம், பிரிசி வருவாள், பிரிசி வந்து எழுதிக் காட்டுவாள், மார்த்தாண்டத்திலிருந்து வந்து எழுதிக் காட்டுவாளா, வடிவு, தினமும் பஸ் பிடித்து வந்து உன் கல்லூரிப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக் காட்டுவாளா. போன் தாளை நிரப்பிவிட்டால் இதெல்லாம் வேண்டாம். அம்மாவின் கை என் தோளில் ஒட்டுகிறது. அம்மா, கையைக் கொஞ்சம் எடு. அன்றைக்கு மஞ்சள் தாள் ஒரு சத்தமும் இல்லாமல் சிவந்தது. எனக்கு அப்படி வாய்க்கவில்லை, எனக்கு வாயைத் திறந்தால்தான் உண்டு.

"மிஸ்" என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரியாது, எனக்கு எப்போதுமே தெரியாது, ரொம்பச் சத்தமாக இருந்திருக்க வேண்டும், டஸ்டர் நின்றுவிட்டது, வகுப்பே திரும்பியது. "மிஸ், திரும்பிச் சொல்லுங்க. எனக்குக் காது கேக்காது." சொல்லிவிட்டேன். மின்விசிறி சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. மிஸ் திரும்பினார்கள். டஸ்டரைக் கீழே வைக்கவில்லை, கையிலேயே இருக்கிறது, புடவையில் தூள் கொட்டுகிறது. "என்ன பிள்ள சொல்லுத?" என்றார்கள். மச்சம் தெரிந்தது. "காது கேக்காது மிஸ். இந்தக் காது சுத்தமா கேக்காது, இது பாதி. வாயப் பாத்தாத்தான் தெரியும்." ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். பர்வீன்தான் முதலில் வாயைத் திறந்தாள், அந்த நல்ல வாய், "அப்ப ரெண்டு வருசமா முன்னால இருந்து திரும்பாமலே ரப்பர் கேட்டுக் கேட்டுத் தொண்ட வத்திப்போனேனே, அதெல்லாம் வேஸ்ட்டாட்டி? நான் உனக்குத் திமிருன்னுல நெனச்சேன்" என்றாள். "திமிரும் உண்டு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், நான் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன், அரை நொடி பிந்தாமல், ஏனென்றால் ஜோக் என்னுடையது.

மிஸ் சிரிக்கவில்லை. பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்து என் பக்கம் வந்தார்கள், கெட்ட காதுப் பக்கம் வந்தார்கள், பிறகு யோசித்து என் எதிரில் வந்து நின்றார்கள். "ரெண்டு வருசம் போர்டப் பாத்தே பேசிருக்கேனே" என்றார்கள். ஆமாம், பேசினீர்கள் என்று மனசுக்குள் நினைத்தேன். "அப்ப அந்த ஆன்லைன் கிளாஸ்ல" என்று ஆரம்பித்து நிறுத்தினார்கள். எனக்குப் புரிந்தது, இருந்தாலும் முடிக்கட்டும் என்று வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். "போன் சரியுது, போன் சரியுதுன்னு எழுதுவியே." டஸ்டர் இல்லாத கையால் என் தாளை இழுத்து ரெண்டு கம்பளிப்பூச்சியையும் பார்த்தார்கள். பிறகு, உதட்டை நன்றாக அசைத்து, ஒவ்வொரு வார்த்தையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி, "இன்னைக்கே காலேஜ்ல டிசி குடுக்க வேண்டியவங்க மட்டும் மொதல்ல வாங்க. ஆபீஸ் பன்னெண்டு மணிக்கு மூடிருவாங்க. மத்தவங்களுக்கு நாளைக்கு. இதான் சொன்னேன்." "மிஸ், அவ்வளவு மெதுவா வேண்டாம். சாதாரணமா சொன்னாப் போதும்" என்றேன். "சரி தாயி" என்றார்கள், சாதாரணமாக. "கட்டுரை எழுதலையே மிஸ்." "பெறகு எழுதி அனுப்பு. பெரிசாவே எழுது." திரும்பி நடந்தார்கள், நாலடி போய், எதையோ சொல்ல வாய் எடுத்திருக்க வேண்டும், நின்று, முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்துச் சொன்னார்கள், "காலேஜ்லயும் மொத நாளே சொல்லிரு." அங்கே சொல்லும்போது இதைவிடக் கஷ்டமாக இருக்குமா, கொஞ்சம் குறையுமா, தெரியாது. அம்மாவிடம் இன்று சாயங்காலம் சொல்ல வேண்டும், நான் அவள் தோளைத் தொட்டுவிட்டுச் சொல்ல வேண்டும். பையைத் திறந்து கல்லூரித் தாளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பிரிசி ஓடி வருகிறாள். மூச்சு வாங்குகிறது, என் முட்டியைத் தாண்டி உள்ளே விழுந்து உட்கார்ந்தாள், தன் தாளின் மேல் என் ஸ்கேல் இருப்பதைக்கூடக் கவனிக்கவில்லை, நோட்டைத் திறந்தாள், முழங்கை இடித்தது, பென்சில் ஓடுகிறது, சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம். 'ஆபீஸ்ல சொன்னாங்க. இன்னைக்கு காலேஜ் போறவங்க மட்டும் மொதல்ல. 12க்கு மூடிருவாங்க. சீக்கிரம். எந்தி' வரைக்கும் வந்துவிட்டாள். "கேட்டுட்டேன்ட்டி" என்றேன். பென்சில் நின்றது. "எப்படி?" என்றாள், முகத்துக்கு நேராக. "மிஸ்ட்டச் சொல்லிட்டேன். திரும்பிச் சொல்லச் சொல்லிட்டேன்." அவள் என்னைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள், கையில் பென்சில் அந்தரத்தில் இருக்கிறது, அதை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருக்கிறாள். அவள் மூக்கு நுனி சிவந்துகொண்டே வருகிறது. "எழுதி முடி" என்றேன். "அதான் கேட்டுட்டியே." "இருக்கட்டும். முடி." குனிந்து, விட்ட இடத்தில் வைத்து, மெதுவாக, டெஸ்டில் எழுதுகிற மாதிரி அழகாக, 'ரி' போட்டாள். அதைப் படித்துவிட்டு நான் எந்திரித்தேன்.